பட்டை உரித்த மரமும் அணில் அம்மாவும்

ஓடைக்கு அக்கரையில் நாவல்பழம் பொறுக்கப் போயிருந்தது ஓர் அணில். திரும்பி வந்து பார்த்தால் தான் குடியிருந்த மரத்தைக் காணோம்!

மரம் வெட்டுகிறவர்கள் வந்து, அங்கிருந்த மரங்களையெல்லாம் சாய்த்து, பட்டை உரித்து, கட்டைகளை ஒன்றாகக் குவித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். அணிலின் பொந்தில் கண் திறக்காத குட்டி இருந்தது!

"ஐயோ, என் பிள்ளை!" என்று அணில் பழத்தைப் போட்டுவிட்டுக் குவியல்மேல் ஓடியது. பட்டை போனதில் எல்லாக் கட்டைகளும் ஒன்றுபோல் இருந்தன; பொந்தின் வாயும் அடிப்பக்கம் போய்விட்டது. குட்டியோ, பயந்தால் சத்தமே காட்டாது.

கட்டை இழுக்க வந்த யானை பக்கத்தில் நின்றது. "அழாதே தாயி! எந்தக் கட்டை என்று சொல்லு, இழுத்துத் தருகிறேன். ஆனால் பார்த்துச் சொல்லு. கட்டை மாறினால் குவியல் சரிந்து குட்டி நசுங்கிவிடும். பாகன் வருவதற்குள் சொல்லு!"

"உன் மரம் என்ன மரம்?" என்று கேட்டது, குவியல்மேல் வந்து உட்கார்ந்த ஒரு மரங்கொத்தி.

"தெரியாதே அண்ணே! நான் அதை வீடு என்றுதான் சொல்வேன்."

பாறைமேல் இருந்த குரங்கு சிரித்தது. "பெயர்கூடக் கேட்காமலா குடி போனாய்? நல்ல குடித்தனம்!"

"நீ சும்மா இரு!" என்று மரங்கொத்தி அதட்டியது. "பெயர் கிடக்கட்டும் தங்கச்சி. அந்த வீட்டைப்பற்றி உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?"

அணில் கூச்சத்தோடு சொன்னது: "சுவரில் சிவப்பாய்ப் பால் கசியும். பிள்ளை வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். நான்தான் நக்கித் துடைப்பேன். நாக்கெல்லாம் துவர்க்கும்..."

சொல்லும்போதே அதற்கு வழி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கட்டையின் வெட்டு முனையாக ஓடி ஓடி நக்கியது. ஒன்று கசந்தது. ஒன்று சப்பென்று இருந்தது. ஒன்றில் நாக்கு எரிந்தது. ஓரத்துக் கட்டையில் நாக்கு பட்டதும் அதன் வால் விறைத்தது.

"இதுதான் மாமா! என் பிள்ளை வயிறு இப்படித்தான் துவர்க்கும்!"

"நாக்கை நம்பியா இழுக்கப்போகிறாய்?" என்று குரங்கு பதறியது.

"அம்மா சொல்கிறாளே!" என்றது யானை. மெல்ல இழுத்தது, மெல்லப் புரட்டியது. பொந்து தெரிந்தது! உள்ளே சிவந்த வயிற்றோடு குட்டி சுருண்டு கிடந்தது. அணில் ஓடிப்போய் அந்த வயிற்றைத்தான் முதலில் நக்கியது. குட்டி நெளிந்து, "கீச்!" என்றது.

"இது வேங்கை மரம்," என்றது யானை. "பாகன் வீட்டில் பிள்ளைக்கு இந்தப் பாலில்தான் பொட்டு வைப்பார்கள்."

குரங்கு பாறையிலிருந்து இறங்கி வந்தது. சிதறிக் கிடந்த நாவல்பழத்தில் ஒன்றை எடுத்து, மண்ணைத் துடைத்து, அணிலிடம் நீட்டியது.

பெயர் தெரியாவிட்டாலும், பாசத்தோடு பழகியதை எந்தக் கோலத்திலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.