தார்ப்பாய் கட்டிய ஏசி

மின் நிலையத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஆளவந்தாருக்குக் கூலிங் டவரைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"காசு போட்டு எரிக்கிற நிலக்கரிச் சூட்டைக் காத்துல விடுறியா? நாளையிலிருந்து கொஞ்சம்கூட வெளியே போகக் கூடாது. போனா உனக்கு வேலை கிடையாது" என்று ஆபரேட்டர் தவமணியை எல்லார் முன்னாலும் திட்டினார்.

"மிச்சச் சூட்டை வெளியே தள்ளினாத்தான் சார் டர்பைன் ஓடும்."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

மறுநாள் மத்தியானம் மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து அறையைவிட்டு ஓடிவந்தார். ஏசி ஓடியும் உள்ளே அனல். வெளிச்சுவரில் இருந்த ஏசிப் பெட்டியைச் சுற்றித் தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

"எவன் வேலை இது?"

"நான்தான் சார்" என்றாள் தவமணி. "உங்க ரூம் சூடு அது வழியா வீணாப் போச்சு. கூலிங் டவருக்கும் கயிறு வச்சிருக்கேன். உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தார்ப்பாய் முடிச்சை மேனேஜரே அவிழ்த்தார். ஒருத்தரும் உதவிக்குப் போகவில்லை.