சராசரிக்கு மேலே யார்?

கரூர்ப் பக்கம் ஜவுளி ஆலை நடத்திய சென்னியப்பனுக்கு, தன் ஆலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஊர் மெச்ச ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. கணக்கெடுக்க வந்தவள் பூங்கோதை, தொழிலாளர் துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தற்காலிக ஊழியை.

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சராசரி இருபதாயிரம். கையெழுத்தைப் போடும்மா. இல்லைன்னா உங்க அதிகாரிக்குப் போன் போடுவேன்" என்றார்.

ஆலை வாசலில் பஸ் காசுக்குக் கடன் கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளிப் பெண்களைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த இருபதாயிரம் உறுத்தியது.

"போட்டுடறேனுங்க. ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கறேன்" என்றவள், தறிக்கூடத்துக்குள் போய், "இருபதாயிரமோ அதுக்கு மேலயோ வாங்கற பொம்பளைங்க கை தூக்குங்க" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை.

"சராசரி இருபதாயிரம்னா, ஒருத்தராவது அவ்வளவு வாங்கியாகணுமேங்க. அவங்க யாருங்க?"

பின்னாலேயே வந்திருந்த சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "என் சம்சாரம் இங்க டைரக்டர். மாசம் அஞ்சு லட்சம். அதையும் சேர்த்துத்தான்..."

ஆலையை ஒட்டிய தங்கள் வீட்டிலிருந்து அவருக்கு மோர் கொண்டுவந்த மனைவி வெள்ளியம்மாள், சொம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சம்பளமா? எப்பக் குடுத்தீங்க?"

பூங்கோதை கையெழுத்துப் போடாமலே கிளம்பினாள். கணக்கெடுக்க வந்தவள் போய்விட்டாள். கணக்குக் கேட்க வெள்ளியம்மாள் அங்கேயே நின்றாள்.