மாப்பிள்ளை சீட்டில் ஏறிய பாட்டுப்பெட்டி

சடையாண்டிக்குக் கல்யாணம். பெண் ஊர் புளிச்சங்குளம். போன மாசம் அங்கே வந்த வேறொரு மாப்பிள்ளையின் காரில் பாட்டு போட்டதும் வீட்டு ஓடெல்லாம் கடகடவென்று ஆடியதாம். நம்மாளு காரிலோ பேஸ் என்கிற அடிச்சத்தத்தை அதிர வைக்கும் சப்-ஊஃபர் பெட்டி இருந்தும் கொசு முனகுகிற சத்தம்தான்.

"நாளைக்கு மாப்பிள்ளை அழைப்புல ஓடு ஆடலைன்னா என் மானம் போச்சுடா" என்று சித்தப்பா மகன்கள் நல்லமுத்து, வீரணன் இருவரிடமும் அழாத குறையாகச் சொன்னான்.

டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயசீலனைக் கேட்டார்கள். "பெட்டியில காத்து கசியக் கூடாது. ஓட்டை இருந்தா அடைங்க" என்றார் அவர்.

அடேயப்பா, இவ்வளவுதானே! பஞ்சர் பார்க்கிற மாதிரி பெட்டியை மாட்டுத் தொட்டியில் அமுக்கினார்கள். ஸ்பீக்கரை மட்டும் முன்னமே கழற்றி வைத்துவிட்டார்கள். நனைந்தால் ஜலதோஷம் பிடித்துக் குரல் கட்டிவிடுமாம். தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி வந்தது.

"எம்மாம் பெரிய ஓட்டை! வட்டமா வேற இருக்குண்ணே" என்றான் வீரணன். பலகை வைத்து ஆணி அடித்தார்கள். அப்புறம் ஸ்பீக்கர் மாட்ட இடமில்லை.

ஜெயசீலன் தலையில் அடித்துக்கொண்டு எல்லாம் சரிசெய்து கொடுத்தார். "பெட்டியை நீ உக்கார்ற சீட்டுல வை. பாட்டைப் போட்டுட்டு, காருக்குள்ள ஒவ்வொரு இடமா காதை வச்சுக் கேளு. எங்க பேஸ் நல்லா கேக்குதோ, பெட்டியை அங்க மாத்திடு."

டிக்கியில்தான் பிரமாதமாகக் கேட்டது. சடையாண்டி யோசித்தான்.

"ஏண்டா, நல்லா கேக்குற எடத்தைப் பெட்டிக்குக் குடுத்துட்டு நான் எங்க போறது? பெட்டிக்குக் காதா இருக்கு?"

"நியாயம்தாண்ணே. கல்யாணம் உனக்குத்தானே" என்றான் நல்லமுத்து.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை டிக்கியில் படுத்துக்கொண்டான். மாலை நசுங்கிவிடும் என்று அதைச் சீட்டிலிருந்த பெட்டிக்குப் போட்டார்கள்.

புளிச்சங்குளத்தில் ஓடெல்லாம் ஆடியது. இருட்டுக்குள் சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. வெளியே பெண் வீட்டார் கார் கதவைத் திறந்து, பெட்டிக்கு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தார்கள்.

"மாப்பிள்ளை கொஞ்சம் சதுரம்தான். ஆனா குரல்ல என்ன கம்பீரம்!" என்று பூரித்தார் மாமனார். நாலு பேர் ஒயரைப் பிடுங்கி, மாப்பிள்ளையைப் பத்திரமாக மணமேடைக்குத் தூக்கிப் போனார்கள்.

பாட்டு நின்றதும் சடையாண்டி பதறிப்போய் டிக்கியை உதைத்தான். தொம், தொம், தொம்!

நல்லமுத்து டிக்கியில் காதை வைத்துக் கேட்டான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வீரணா, ஓடியாடா! பெட்டியை எடுத்த பொறவுதான் பேஸ் இன்னும் தூக்கலா இருக்கு!"