ஞாயித்துக்கிழமைக் கவுதாரி

"கண்ணிதான் தாயி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒடமரத்தடியில கெடந்துச்சு."

சங்கிலிமுத்து துண்ட விரிச்சுக் காட்டினாரு. நைலான் நூல்ல சுருக்குப் போட்ட கண்ணி. சுருக்குல இறகு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பழுப்பு நெறத்துல கோடு கோடா, கவுதாரி இறகு.

மடத்துக்குப் பின்னாடி துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்திருந்த தாயி குனிஞ்சு பாத்தாங்க. தாயிக்கு நாப்பது வயசு இருக்கும். சங்கிலிமுத்து அறுபதத் தொட்டவரு. ஆனா இந்த மடத்துல அவங்க குரு, இவரு சீடரு.

"யாரு வச்சது?"

"என் மச்சான் பொன்ராசு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. முடிச்சப் பாத்தாத் தெரியுது."

"முடிச்சுல பேரு எழுதியிருக்கானா?"

"அந்த முடிச்சு நான் சொல்லிக்குடுத்தது தாயி."

சங்கிலிமுத்து துண்ட மடிச்சு அந்தக் கண்ணிய மூடி கல்லு மேல வச்சாரு.

மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அவருக்குக் கவுதாரி பிடிக்கிறதுதான் பொழப்பு. பெரிய வித்தை ஒண்ணும் கெடையாது. பழக்கின கவுதாரிச் சேவல் ஒண்ணக் கூட்டோட கொண்டுபோயி காட்டுல வைக்கணும். அது கத்தும். அந்தக் காட்டுல இருக்கிற கவுதாரிச் சேவல் ‘எவன்டா என் எடத்துல வந்து சத்தம் போடுறது’ன்னு சண்டைக்குக் கெளம்பி வரும். வர்ற வழியில கண்ணி. வர்றது ரோஷத்துல வரும், போறது சாக்குப்பையில போகும்.

ஒருநாள் மனசு விட்டுப்போயி, இருந்த கண்ணியெல்லாம் தாயி முன்னாடி கொட்டிட்டு இங்கயே தங்கிட்டாரு. பழக்கின சேவல மட்டும் விட முடியல. பிள்ளை மாதிரி வளத்ததுன்னு கூட்டோட கொண்டாந்துட்டாரு. கரையான் தேடிக் குடுப்பாரு, கம்பு குடுப்பாரு, வெயில் ஏறுனா கூட்ட நெழலுக்கு மாத்துவாரு. தான் சாப்பிட மறந்தாலும் அதுக்கு மறக்க மாட்டாரு. வேலியில அவரே ஒரு போர்டும் எழுதி மாட்டினாரு: ‘இங்கு பறவைகளைப் பிடிக்கக் கூடாது’.

"பொன்ராசு எதுக்கு இங்க வந்து கண்ணி வைக்கிறான்? அவனுக்கு வேற காடு இல்லயா?" தாயி கேட்டாங்க.

"இங்கதான் கவுதாரி நெறைய வருது."

"ஏன் இங்க வருது?"

சங்கிலிமுத்து வேலியப் பாத்தாரு.

ஞாயித்துக்கிழமை டவுன்லேர்ந்து வேன் பிடிச்சு ஜனங்க வருவாங்க. வேலி ஓரம் காட்டுக் கவுதாரிங்க வந்து நிக்கிறதப் பாத்து கையெடுத்துக் கும்பிடுவாங்க. மனுஷனக் கண்டா ஓடுற பறவை இங்க தானா வருதுன்னா, அது இந்த எடத்தோட அமைதிதான்னு ஒருத்தரு சொன்னாரு. இல்ல, சங்கிலிமுத்து அய்யாவோட கருணைன்னு அவரு சம்சாரம் சொன்னாங்க. அப்பப் பிடிச்சதுதான் ‘கவுதாரிச்சாமி’ங்கிற பேரு. போன மாசம் ஒரு ஃபிளெக்ஸ்கூட அடிச்சு வாசல்ல கட்டிட்டாங்க. நடுவுல சங்கிலிமுத்து, ஓரத்துல சின்னதா தாயி, சுத்திப் பறவைங்க. கவுதாரி படம் கெடைக்கலன்னு புறா படம் போட்டிருந்தாங்க.

"என் சேவல் கத்துது தாயி. அதான் வருது."

"தெனமும் கத்துமா?"

"கூட்டு மேல துணி போட்டிருந்தாக் கத்தாது."

"எப்பத் துணிய எடுப்பீங்க?"

சங்கிலிமுத்து கால் பெருவிரலால மண்ணக் கீறினாரு.

"எப்ப எடுப்பீங்கன்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமை."

துணி துவைக்கிற எடத்துல தேங்கி நின்ன தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னாரு. அதுல அவரு மொகம் தெரிஞ்சுச்சு. தள்ளி நின்னுக்கிட்டாரு.

"ஜனங்க சந்தோஷப்படுறாங்களேன்னுதான் மொதல்ல எடுத்தேன். அப்புறம்... ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருந்துச்சு. வர்றதுங்க இந்தப் புதருலயே தங்குதுன்னு தெரியும். பொன்ராசு இந்தப் பக்கம் நடமாடுறான்னும் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்கல. பாக்க வேணாம்னு இருந்துட்டேன்."

"ம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தாயி?"

"ஃபிளெக்ஸ்ல என் படத்த விட உங்க படம் பெருசா இருந்தப்பவே லேசா ஒரு சந்தேகம்." தாயி சிரிக்கல. "கேட்டிருக்கணும். கேக்கல. அந்தக் கூட்டம் கொண்டாந்த அரிசியத்தான் நானும் சாப்பிட்டேன்."

சங்கிலிமுத்து உள்ள போயி சேவல் இருந்த கூட்டத் தூக்கிட்டு வந்தாரு. துணி மூடியிருந்துச்சு. கல்லுப் பக்கத்துல வச்சாரு.

"இத என்ன செய்யட்டும் தாயி? தொறந்து விட்டா பொழைக்காது. எரை தேடத் தெரியாது, கீரிய அடையாளம் தெரியாது. யார்கிட்டயாவது குடுத்தா அவன் காட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போவான். என்கிட்டயே இருந்தா இன்னொரு ஞாயித்துக்கிழமை என் கை சும்மா இருக்குமான்னு தெரியல. இது இருக்கிறதுனாலதான இவ்வளவும்?"

தாயி கூட்டுத் துணிய நல்லா இழுத்துச் சரிபண்ணி விட்டாங்க.

"நீங்க கத்துங்க."

"என்னது?"

"கவுதாரி மாதிரி கத்தத் தெரியும்ல?"

"தெரியும். சின்ன வயசுல சேவல் வாங்கக் காசில்லாதப்ப அப்படித்தான் பிடிச்சேன்."

"கத்துங்க."

சங்கிலிமுத்து தயங்கினாரு. அப்புறம் கைய வாய்க்கிட்டக் குவிச்சாரு. மொதல் சத்தம் ஒடஞ்சு வந்துச்சு. ரெண்டாவது சரியா விழுந்துச்சு. மூணாவது, பெத்த கவுதாரியே ஏமாந்துரும், அப்படி வந்துச்சு. அந்தச் சத்தம் தனக்கு இன்னும் இவ்வளவு நல்லா வருதுங்கிறதுல அவருக்கே ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு. அதத் தாயியும் பாத்துட்டாங்க.

புதருக்குள்ளேர்ந்து பதில் வந்துச்சு.

ஒரு கவுதாரி கழுத்த நீட்டிக்கிட்டு வேலி ஓரமா நடந்து வந்துச்சு. போன வாரம் ஜோடியா வந்தது. இன்னைக்கு ஒத்தையா இருந்துச்சு. நின்னு இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. கூப்பிட்டது யாருன்னு தேடுச்சு.

கூட்டுக்குள்ள இருந்தது சத்தமே போடல.

"கூட்ட ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒப்படைச்சிரலாம்," தாயி சொன்னாங்க. "அவங்க நாலு கேள்வி கேப்பாங்க, நீங்க பதில் சொல்வீங்க. ஒரு பஸ் டிக்கெட்டோட முடியிற வேலை. தொண்டைய எங்க கொண்டுபோயி ஒப்படைப்பீங்க?"

சங்கிலிமுத்து கையக் கீழ போட்டாரு. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம வேட்டியில தொடைச்சாரு. வேலி ஓரம் நின்ன கவுதாரி இன்னும் போகல. அதுகிட்டப் போயி ‘இங்க யாரும் இல்ல, போயிரு’ன்னு சொல்லணும் போல இருந்துச்சு. சொல்லத் தெரிஞ்சது ஒரே ஒரு சத்தம். அதுக்கு அர்த்தம் ‘வா’.

வாசப்பக்கம் ஞாயித்துக்கிழமை வேன் வந்து நிக்கிற சத்தம் கேட்டுச்சு. கதவு தொறந்துச்சு. செருப்பு கழட்டுற சத்தம், பேச்சுச் சத்தம். புள்ளைங்க ஃபிளெக்ஸப் பாத்துப் புறாவ எண்ணிக்கிட்டிருந்துச்சுங்க.

"கவுதாரிச்சாமி!" யாரோ ஒரு அம்மா கூப்பிட்டாங்க. "எல்லாரும் வந்துட்டோம் சாமி! வாங்க! எங்க, இன்னைக்கு ஒண்ணையும் காணோம்?"

சங்கிலிமுத்து தன்னால ரெண்டடி எடுத்து வச்சுட்டாரு. கழுத்து வாசப்பக்கம் நீண்டிருந்துச்சு. அப்புறம்தான் அவருக்கே அது தெரிஞ்சுச்சு. அப்படியே நின்னாரு. காதெல்லாம் சூடாயிருச்சு.

தாயி வேலி ஓரம் நின்ன கவுதாரியப் பாத்தாங்க. அவரப் பாத்தாங்க.

"நான் போகாம இங்கயே இருந்துரட்டுமா தாயி?"

"ஏன்? கூப்பிடுறாங்கல்ல."

"எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போக?"

"சாமி!" திரும்பவும் கொரல் வந்துச்சு. "நேரமாகுது சாமி!"

"போங்க," தாயி சொன்னாங்க. "அந்தக் கவுதாரிக்கு எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு தெரியாது. தெரியாமத்தான் வந்து நிக்குது. உங்களுக்குத் தெரியும்."

சங்கிலிமுத்து குனிஞ்சு ஒரு கையில கூட்ட எடுத்தாரு. இன்னொரு கையில துண்ட எடுத்தாரு. துண்ட ஒதறி கல்லு மேல போட்டுட்டு, இறகு ஒட்டின கண்ணிய மட்டும் எல்லாரும் பாக்குற மாதிரி வெறுங்கையில தொங்கவிட்டுக்கிட்டு வாசப்பக்கம் போனாரு.