சாக்பீஸ் படகு

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு படகுப் பட்டறை. மரப்படகு கட்டும் ஓடாவி மிக்கேல் அதை நடத்திவந்தார். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வுபெற்ற தேவசகாயம் அவரிடம் இரண்டு வருடமாகத் தொழில் கற்றார். சீடருக்கு ஆசானைவிட ஏழு வயது அதிகம்.

ஒரு திங்கட்கிழமை காலை சீடர் மனைவி ரெஜினாவையும் அழைத்து வந்தார்.

"ஆசானே, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"வீட்டை விட்டுட்டுப் பாய்மரப் படகிலேயே குடியிருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அதுல ரெண்டு பேருக்கும் சம்மதம்."

"நல்லது."

"எந்தப் படகுங்கறதுல சம்மதம் இல்லை."

பதினான்கு படகுகள் பார்த்திருந்தார்கள். கழித்துக் கழித்து இரண்டு மிஞ்சின. கொச்சியில் நின்றது ஒல்லியானது, வேகமானது. உள்ளே ரெஜினா நிமிர்ந்தால் தலை இடிக்கும். புதுச்சேரியில் நின்றது அகலமானது. நின்று சமைக்கலாம், ஜன்னல் வழியே கடல் பார்க்கலாம். தேவசகாயம் அதற்கு மிதக்கும் கல்யாண மண்டபம் என்று பெயர் வைத்திருந்தார்.

"இவர் படகு அம்பு மாதிரி போகுமாம்," என்றார் ரெஜினா. "அம்புக்குள்ள யாராவது குடித்தனம் பண்ணுவாங்களா?"

ஓடாவி சிரிக்கவில்லை.

"இன்னும் முடிவாகலைன்னா நான் சேலத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இவர் தனியாவே கடல்ல இருக்கட்டும்," என்றார் ரெஜினா. முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற குரல். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"டிக்கெட் எடுத்தாச்சா டீச்சர்?"

"வியாழக்கிழமைக்கு."

தேவசகாயம் தரையைப் பார்த்தார். "எங்க ரெண்டு பேருக்கும் பொருந்தற படகு எது ஆசானே?"

மரத்தில் கை வைக்கும் முன்பு படகின் முழு அளவையும் பட்டறைத் தரையில் வரைந்து பார்ப்பது ஓடாவிகளின் வழக்கம். மிக்கேல் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"ரெண்டும் என்ன நீளம்?"

"முப்பத்தாறு அடி."

"அகலம்?"

"என்னுது பத்து."

"என்னுது பன்னிரண்டு."

"பதினொண்ணுன்னு வச்சு ஒரே படகா வரைங்க. புதன்கிழமை வரைக்கும் பகல் முழுக்க அதுக்குள்ள இருங்க. கோட்டைத் தாண்டினா முங்கியாச்சுன்னு அர்த்தம்."

"கழிப்பறை?" என்றார் ரெஜினா.

"அதுக்கு மட்டும் நீந்திக்கிடலாம் டீச்சர்."

தேவசகாயம் நூலைப் பிடித்தார். ரெஜினா கோடு போட்டார். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. தேவசகாயம் கடல் வரைபடம் விரிக்கும் மேசை சரியாக அடுப்பின் மேல் வந்து விழுந்தது.

"என் குழம்புக்குள்ள உங்க இந்தியப் பெருங்கடல் கிடக்கு," என்றார் ரெஜினா.

முதல் நாளில் தேவசகாயம் ஆறு முறை முங்கினார். கண்ணாடிக்கு ஒரு முறை, செல்போனுக்கு மூன்று முறை, சும்மா இரண்டு முறை. ரெஜினா ஒரே ஒரு முறை, கறிவேப்பிலைக்காக. மதியம் மீன்காரி ஒருத்தி கூடையோடு குறுக்கே நடந்து போனாள்.

"ஏம்மா, படகு மேல நடக்கறியே!" என்றார் தேவசகாயம்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. படகு வந்ததைக் கவனிக்கலை."

வேலையாட்கள் சாயங்காலம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் சண்டை வந்தது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் படகு சாயும், அதனால் சோற்றுப் பானையைக் கட்டி வைக்க வேண்டும் என்றார் தேவசகாயம்.

"காத்தே இல்லையே."

"இருக்கறதா நினைச்சுக்கோ."

"முப்பத்திநாலு வருஷமா நீங்க நினைச்சுக்கிட்ட காத்துக்கெல்லாம் நான் பானையைக் கட்டியாச்சு."

ரெஜினா சாக்பீஸோடு படகின் முன்பக்கம் போனார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதில் ஒரு கதவு வரைந்தார். உள்ளே போய்க் கையை வீசி அதைச் சாத்தினார். சத்தம் வராததால் "டமார்" என்றும் சொன்னார்.

பட்டறையில் உளிச் சத்தம் நின்றது.

ரெஜினா கடலைப் பார்த்து, முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். தேவசகாயம் நடுவில் நின்றார். கோடு ஒரு விரல் அகலம். ஓர் எட்டு வைத்தால் உள்ளே போயிருக்கலாம். காலைத் தூக்கினார், திரும்ப வைத்துவிட்டார். தரையில் வெயில் இரண்டு சாண் நகர்ந்தது. பிறகு கதவருகே போய், விரலை மடக்கிக் காற்றில் தட்டினார். அதற்கும் சத்தம் வரவில்லை.

"டொக் டொக்," என்றார்.

மறுபடியும் தட்டினார்.

"டொக் டொக்."

"யாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இதே படகுலதான் இருக்கேன்."

ரெஜினாவின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"வீட்டுல ஒரு நாளும் நீங்க தட்டினதில்லை," என்றார் திரும்பாமல். "நான் கோவிச்சுக்கிட்டு உள்ள போனா, நீங்க மாடிக்குப் போய்ப் பேப்பர் படிப்பீங்க."

"இங்க மாடி இல்லையே."

நெடுநேரம் கழித்து ரெஜினா கையை நீட்டிக் கதவைத் திறந்தார்.

புதன்கிழமை மாலை ஓடாவி வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்.

"முடிவாச்சா சார்?"

"இல்லை ஆசானே. நேத்து இவ உட்கார்ந்திருந்த அறை ரெண்டு படகுலயும் கிடையாது. என்னுதுல அந்த இடத்துல பாய்மரத்துப் பாயைச் சுருட்டி வைக்கணும். இவளோடது முழுக்க ஒரே கூடம்." மனைவி பக்கம் திரும்பினார். "பரவாயில்லை, மண்டபத்தையே வாங்கித் தடுத்துக்கிடலாம்."

"வேண்டாம். அம்பையே வாங்குவோம். பாயை வேற எங்கயாவது வைங்க."

"உனக்குத் தலை இடிக்கும்."

"குனிஞ்சுக்கிடறேன்."

"நீ எதுக்குக் குனியணும்?"

"நான் குனிஞ்சா உங்களுக்கு எங்க வலிக்குது?"

உளிச் சத்தம் மறுபடியும் நின்றது.

"எதை வேணா வாங்குங்க," என்றார் ஓடாவி. "வாங்கி இங்க கொண்டு வாங்க. கதவு நான் போட்டுத் தர்றேன்."

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்குப் போற டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க," என்றார் ரெஜினா கணவரிடம். பிறகு ஓடாவியிடம், "தேக்குல போடுங்க. உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் வேணும்."

"கதவு போடறேன் டீச்சர். தாழ்ப்பாள் போடமாட்டேன்."

"ஏன்?"

"தாழ்ப்பாள் போட்டா யாரா இருந்தாலும் தட்டித்தான் ஆகணும். தாழ்ப்பாள் இல்லாத கதவை சார் தட்டட்டும்."