எள்ளுருண்டைச் சட்டியும் தளவாயும்

கொன்றையூர் அரண்மனையில் எள்ளுருண்டை பிடிக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றும் அரைப்பலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சின்னது பெரியது என்று இரண்டு ராணிகளுக்கும் சண்டை மூண்ட நாளிலிருந்து சமையற்காரர் தராசு இல்லாமல் உருண்டையைத் தொடுவதே இல்லை.

சபை விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே தளவாய் மல்லப்பருக்கு ஆகாது. ஒருநாள் அவர் அரக்கு முத்திரை வைத்த சட்டியொன்றைச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"மகாராஜா, இதற்குள் எள்ளுருண்டை இருக்கிறது. மொத்தம் எத்தனை எள் என்று முத்திரையை உடைக்காமல் இவன் சொல்லட்டும். தவறினால் ஊரை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு வேடிக்கை பிடிக்கும். சரி என்று சொல்லிவிட்டார்.

கூத்தபிரான் ஊரை விட்டுப் போகிற நிலையில் இல்லை. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். ஆனாலும் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அடுக்களையில் இதே முறையில் பிடித்த வேறொரு உருண்டையும், இந்தச் சட்டிக்கு ஜோடியான காலிச் சட்டி ஒன்றும் வேண்டும்" என்றான்.

வந்தன. உருண்டையை வெந்நீரில் போட்டான். வெல்லம் கரைந்தது. எள்ளை வடிகட்டி அந்தப்புரப் பெண்களிடம் எண்ணக் கொடுத்தான். நாலாயிரம் என்றார்கள். பிறகு ஒரு தட்டில் முத்திரைச் சட்டியையும் மறுதட்டில் காலிச் சட்டியையும் ஏற்றி, காலிச் சட்டிப் பக்கம் எடைக்கல் வைத்துக்கொண்டே போனான். நாற்பத்தெட்டரைப் பலத்தில் முள் நேரே நின்றது.

"பலத்துக்கு இரண்டு உருண்டை. ஆக, தொண்ணூற்றேழு. உருண்டைக்கு நாலாயிரம் வீதம் மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரம் எள், மகாராஜா."

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். "தோற்றான். நாலு லட்சம். நூறு உருண்டை பிடிக்கச் சொன்னதே நான்தான். சமையற்காரரைக் கேளுங்கள்."

சமையற்காரர் தலையாட்டினார். நூறுதான்.

 கூத்தபிரான் கணக்கை மனசுக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தான். குறைவது பன்னிரண்டாயிரம் எள். அதாவது மூன்று உருண்டை. இரண்டரையும் இல்லை, மூன்றேகாலும் இல்லை. முழுசாக மூன்று.

"முத்திரை வைத்தது யார், தளவாய் ஐயா?"

"நானேதான். அடுக்களையில் வாங்கி, வேறு யார் கையும் படாமல் வைத்தேன்."

"அப்படியானால் நாலு லட்சமும் சரிதான், மகாராஜா" என்றான் கூத்தபிரான். "சட்டியை மட்டும் எடை போட்டது என் தப்பு. தளவாயையும் சேர்த்து ஏற்றியிருக்க வேண்டும்."

அரசர் சிரித்து ஓய்ந்ததும் சட்டியின் முத்திரையை உடைத்து உருண்டைகளை எண்ணச் சொன்னார். தொண்ணூற்றேழு. கல்யாணச் செலவு முழுவதையும் தளவாய் தலையில் கட்டினார்.