அலகில் ஓர் அத்திப்பழம்

அத்திமரத்து உச்சிக் கிளையில் நின்று, கொண்டையன் என்ற ஆண் இருவாச்சிப் பறவை முழங்கினான்: “ஆணும் பெண்ணும் சமம்! பெண்களைப் பேச விடுங்கள்!”

கூடியிருந்த பறவைகள் சிறகடித்து ஆரவாரித்தன. அவன் துணை வெண்விழி மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அவள் ஏதோ சொல்லத் தொடங்கியபோதுதான் அவன் இப்படிக் குறுக்கே முழங்கினான்.

அவளுடைய கவலை வேறு. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அதன்பின் ஆண் கொண்டுவரும் பழம்தான் உணவு. அவன் மறந்தால் தாயும் பிள்ளையும் பட்டினி. இவனை நம்பி உள்ளே போகலாமா?

“உனக்குப் பொந்துகூடப் பார்த்துவிட்டேன். மேற்கு வாசல்,” என்றான் கொண்டையன். “இந்தக் காட்டில் பெண்ணுக்குச் சம உரிமை கொடுத்தவன் நான் ஒருவன்தான்.”

“அது எப்போது உன்னுடையதாக இருந்தது, நீ கொடுப்பதற்கு?” என்றாள் வெண்விழி. “மேற்கு வாசலில் சாரல் அடிக்கும். உள்ளே கிடக்கப்போவது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?”

அவனுக்குச் சுருக்கென்றது. “காடே என்னை மெச்சுகிறது. நீ மட்டும் குறை சொல்கிறாய்.”

“காட்டுக்கு உன் பேச்சு போதும். எனக்குச் சோறு வேண்டுமே.”

கொண்டையன் உச்சிக் கிளையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் அமர்ந்தான். பிறகு, “எந்தப் பொந்து வேண்டும்?” என்று மெல்லக் கேட்டான்.

அவள் வேங்கைமரத்தின் கிழக்குப் பொந்தைக் காட்டினாள். பாதி நம்பிக்கையோடு உள்ளே போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பழம் வரத் தாமதமாயிற்று. கீறல் வழியே பார்த்தாள். கொண்டையன் தொப்பலாக நனைந்து வந்துகொண்டிருந்தான். அலகு நுனியில் ஓர் அத்திப்பழம்.

எதிர்மரத்தில் அவன் இளைப்பாற அமர்ந்தபோது, அடுத்த கிளையில் இருந்த குரங்குக் கடுவன் இளித்தான். “என்னப்பா கொண்டையா, பெண்டாட்டிக்குச் சுமைதூக்கியா நீ? சமம் என்றாயே, அவளையே போய்ப் பறிக்கச் சொல்லேன்!”

முழங்குவதற்கு இப்படி ஒரு வாய்ப்பைக் கொண்டையன் விட்டதே இல்லை. கழுத்தை நிமிர்த்தினான். கீழே காட்டாறு புரண்டு ஓடியது. அலகைத் திறந்தால் பழம் போய்விடும். வெண்விழி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவன் பேச்சை விழுங்கிவிட்டுப் பறந்து வந்து, பழத்தைக் கீறலுக்குள் நீட்டினான்.

“அவனுக்குப் பதிலே சொல்லவில்லையே?” என்று கேட்டாள்.

“வாயில் உன் பழம் இருந்ததே.”

இருட்டுப் பொந்துக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி நம்பிக்கை முக்காலாயிற்று. “மீதிக் காலுக்கு நாளையும் வா,” என்றாள்.

பெண்ணுக்காகப் பேசுகிறவனை ஊர் மெச்சும். பேச்சை நிறுத்திவிட்டுச் செய்கிறவனைத்தான் பெண் நம்புவாள்.